வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அந்த வரி: உங்கள் கவுன்டியின் மாவட்ட அட்டர்னியை அறிந்து வாக்களிக்கும் வழி

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின் முதன்முறையாக வாக்களிக்கச் சென்றபோது, மேலே இருந்த பெரிய பதவிகளுக்கெல்லாம் கவனமாகக் குறியிட்டுவிட்டு, கீழே 'மாவட்ட அட்டர்னி' என்றிருந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். போட்டியிட்ட இருவரையும் எனக்குத் தெரியாது. அந்தப் பதவி எதற்காக இருக்கிறது என்பதும் தெரியாது. தமிழ்நாட்டில் அரசுத் தரப்பு வழக்கறிஞரை அரசுதான் நியமிக்கிறது. அவரை மக்கள் தேர்ந்தெடுப்பது என்பது நாம் கண்டும் கேட்டுமிராத ஏற்பாடு. ஆனால் நாம் குடியேறி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அமெரிக்கச் சிற்றூர்களில், ஒருவர் மீது வழக்குத் தொடுப்பதா வேண்டாமா, எந்தப் பிரிவில் தொடுப்பது, எந்தத் தண்டனைக்குச் சம்மதிப்பது என்பனவற்றை முடிவு செய்பவர் அந்த ஒருவரே. அவர் தொடுக்காமல் விடும் வழக்கைப் பொதுவாக எந்த நீதிபதியும் எடுத்து நடத்த இயலாது. இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையளிக்கும் வரியை நம்மவர்கள் காலியாக விட்டுச் செல்வது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. இப்பதவிக்கு நிற்கும் ஒருவருடைய வாழ்வையும் பணியையும் வாக்களிக்கும் முன் எப்படி விசாரித்து அறியலாம் என்பதை, நான் சில தேர்தல்களில் கற்றுக்கொண்ட முறையில் இங்கே எழுதுகிறேன்.

பதவியின் பெயரும் தேர்தல் நாளும்

முதல் வேலை, உங்கள் மாநிலத்தில் இப்பதவிக்கு என்ன பெயர் என்பதைத் தெரிந்துகொள்வது. டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா, பென்சில்வேனியா முதலிய மாநிலங்களில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்பார்கள். பேச்சில் அது 'டி.ஏ.' ஆகிவிடும். ஒஹாயோவில் அவர் பிராசிக்யூட்டிங் அட்டர்னி, இல்லினாயில் ஸ்டேட்ஸ் அட்டர்னி, வர்ஜீனியாவில் காமன்வெல்த்ஸ் அட்டர்னி, தென் கரோலினாவில் சொலிசிட்டர். அலாஸ்கா, கனெக்டிகட், நியூ ஜெர்சி, டெலவேர், ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களில் வாழ்வோருக்கு உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்படும் வழக்குத்தொடுநர் கிடையாது. அங்கே நியமனம் அல்லது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் நேரடிப் பொறுப்பு என்ற முறை உள்ளது. அதிபர் நியமித்து செனட் உறுதி செய்யும் 'யு.எஸ். அட்டர்னி' கூட்டாட்சிக் குற்றங்களைக் கவனிப்பவர். அவரையும் உள்ளூர் டி.ஏ.வையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதவிக்காலம் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். டென்னசியில் எட்டு ஆண்டுகள். பென்சில்வேனியா, வர்ஜீனியா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களில் இத்தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில், அதிபர் தேர்தலின் ஆரவாரம் இல்லாத நேரத்தில் வருவதால், ஊரில் தேர்தல் நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே கட்சி ஓங்கி நிற்கும் கவுன்டிகளில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவுகளில்) உண்மையான போட்டி நவம்பரில் நடப்பதில்லை. மாதங்களுக்கு முன்பு நடக்கும் கட்சி முதல்நிலைத் தேர்தலான பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே கவுன்டித் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் இரு தேதிகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள், பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் உட்பட, இத்தேர்தலில் வாக்களிக்கப் பதிவு செய்யவே கூடாது. அது நாடு கடத்தலுக்கே வழிவகுக்கக்கூடிய தவறு.

சிற்றூர் அலுவலகம் எப்படி இயங்குகிறது

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் நியூயார்க் அலுவலகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் டி.ஏ.வை எடை போடக் கூடாது. 2007ஆம் ஆண்டு மத்திய நீதித்துறை எடுத்த கணக்கின்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 2,300 வழக்குத்தொடுநர் அலுவலகங்கள் இருந்தன. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு, ஒரு இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் பகுதிகளுக்கு உரியவை. இவற்றில் மிகச் சிறியவற்றில் டி.ஏ.வும் இரண்டு மூன்று துணை வழக்கறிஞர்களும் ஒரு புலனாய்வாளரும் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் பணியாளர் ஒருவரும் மட்டுமே இருப்பார்கள். ஆகவே டி.ஏ. தாமே கொலை வழக்கை நடத்துவார். அன்று காலையிலேயே கடைத் திருட்டு வழக்கிலும் நிற்பார். சோதனை ஆணைக்கு வேண்டிய பிரமாணப் பத்திரத்தைச் சரிபார்க்கச் சொல்லி நள்ளிரவில் காவல்துறையிலிருந்து அழைப்பு வரும். தடயவியல் ஆய்வகத்தின் அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். அடுத்த ஆண்டுக்கு இன்னொரு துணை வழக்கறிஞரை அமர்த்தப் பணம் வேண்டுமென்று, சாலைக்கும் பாலத்துக்கும் நிதி ஒதுக்கும் அதே கவுன்டி ஆணையர்கள் முன் நின்று கேட்பார். தாம் சிறைக்கு அனுப்பிய இளைஞனின் தாயை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும், பாதிக்கப்பட்டவரின் தந்தையை மளிகைக் கடையிலும் சந்திப்பார். பெருநகர டி.ஏ.வுக்கு இல்லாத இந்த நெருக்கம் ஒருவரைக் கனிவுள்ளவராகவும் ஆக்கலாம். ஊரின் கோபத்துக்குப் பணிந்து போகிறவராகவும் ஆக்கலாம்.

இப்பதவிக்கு வருவோரின் பாதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இளநிலைப் பட்டம், மூன்றாண்டுச் சட்டக் கல்வி, வழக்கறிஞர் உரிமத்துக்கான மாநில 'பார்' தேர்வு, அதன் பின் துணை டி.ஏ.வாகச் சில ஆண்டுகள் அல்லது ஊரிலேயே தனி வழக்கறிஞர் தொழில், பிறகு தேர்தல். அதற்கு மேல் நீதிபதி நாற்காலி அல்லது அரசியல். பிற்காலத்தில் அதிபரான வில்லியம் மெக்கின்லி, ஒஹாயோவின் கேன்டன் என்னும் சிறுநகரில் தொழில் தொடங்கி, 1869இல் ஸ்டார்க் கவுன்டியின் வழக்குத்தொடுநராகத் தேர்வானார். 1871இல் மறுபடி நின்றபோது 143 வாக்குகளில் தோற்றார். ஒரு சிறு கவுன்டியில் இப்பதவி நூற்றுச் சொச்சம் வாக்குகளில் கைமாறும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நமது சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வரும் கூட்டமே அதைவிடப் பெரிது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு

"நாம் நீதிமன்ற வாசல் பக்கமே போவதில்லையே" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். மது அருந்திவிட்டு வண்டி ஓட்டிய மாணவன், கணவன் மனைவி சண்டையில் அண்டை வீட்டார் அழைத்த காவலர், கடையில் பணம் செலுத்தாமல் வந்துவிட்டதாக நிறுத்தப்பட்ட முதியவர் என்று நம் குடும்பங்களுக்குள்ளும் இது நுழைகிறது. குடியேறியவர்களுக்கு இதில் ஒரு தனி அபாயம் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் பேரத்தில், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் ஒப்புக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, சிறை செல்லாமலே நாடு கடத்தப்படும் நிலை வரலாம். நாற்பதாண்டுகள் சட்டப்படி இந்நாட்டில் வாழ்ந்து, வியட்நாம் போரிலும் பணியாற்றிய ஹொசே படில்லா, கென்டக்கியில் தம் லாரியில் கஞ்சா கொண்டு சென்ற வழக்கில் தம் வழக்கறிஞரின் தவறான சொல்லை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதன் விளைவாக நாடு கடத்தலை எதிர்கொண்டார். குடிவரவு விளைவுகளைத் தம்மிடம் வழக்கை ஒப்படைத்தவருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் அவருடைய வழக்கில்தான் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் சரியாகச் சொன்னாலும், நாடு கடத்தலுக்கு இட்டுச் செல்லாத வேறொரு பிரிவுக்கு இசைவதா என்பது டி.ஏ. அலுவலகத்தின் விருப்பத்தில் இருக்கிறது. இந்த ஒரு காரணமே இப்பதவியைக் கவனிக்கப் போதுமானது.

எதைத் தேட வேண்டும்

வேட்பாளர்கள் தங்கள் விளம்பர அட்டையில் முதலில் அச்சிடுவது 'தண்டனை பெற்றுத் தந்த விகிதம்' என்ற எண்ணைத்தான். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கடினமான வழக்குகளைத் தொடுக்காமலே விட்டுவிட்டால் அந்த எண் உயரும். குறிப்பாகப் பாலியல் வன்முறை வழக்குகளும் குடும்ப வன்முறை வழக்குகளும், சாட்சி குறைவு என்ற பெயரில் அப்படித்தான் ஒதுக்கப்படுகின்றன. எல்லாவற்றையும் பேரத்தில் முடித்தாலும் அந்த எண் உயரும். மாநில நீதிமன்றங்களின் தண்டனைகளில் 94 சதவீதம் குற்ற ஒப்புதல்களால் வருபவை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. அப்படியிருக்க, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழுவான ஜூரி முன் நடக்கும் விசாரணைகளை மட்டும் பார்த்து ஒருவரை மதிப்பிட முடியாது. பேரம் நடக்கும் அறையில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் கேள்வி.

பேரத்தின் கூர்மையை அறிய ஒரு வழக்கு போதும். கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் பால் ஹேய்ஸ் என்பவர் 88 டாலர் 30 சென்ட் மதிப்புள்ள போலிக் காசோலை தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஐந்தாண்டு சிறைக்குச் சம்மதித்தால் சரி, இல்லையென்றால் பழைய குற்றங்களைக் காட்டித் தொடர் குற்றவாளிச் சட்டத்தின் கீழ்க் கொண்டுபோவேன் என்றார் அரசுத் தரப்பு வழக்கறிஞர். ஹேய்ஸ் மறுத்தார், அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை அனுமதித்தது. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் உங்கள் டி.ஏ. அதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. செய்வாரா மாட்டாரா என்பது அவருடைய குணத்தைப் பொறுத்தது. அக்குணத்தைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள்.

என் கருத்தில், ஒரு டி.ஏ.வின் பணி வாழ்வில் முதலில் பார்க்க வேண்டியது அவர் கைவிட்ட வழக்குகளை. இதற்கு அளவுகோலாக நான் எப்போதும் நினைப்பது கனெக்டிகட்டின் ஹோமர் கம்மிங்ஸ் 1924இல் செய்ததைத்தான். அவர் அப்போது ஃபேர்ஃபீல்ட் கவுன்டியின் ஸ்டேட்ஸ் அட்டர்னி. அம்மாநிலத்தில் அது தேர்தல் பதவி அன்று. பிரிட்ஜ்போர்ட் நகரில் பலராலும் நேசிக்கப்பட்ட ஹியூபர்ட் டாமே என்ற பாதிரியார் பிப்ரவரி 4ஆம் நாள் மாலை தெருவில் நடந்து போகையில் பின்னாலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் வேலையற்று அலைந்த முன்னாள் படைவீரரான ஹெரால்ட் இஸ்ரேல் என்ற இளைஞர் துப்பாக்கியுடன் பிடிபட்டார். அவர் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். நேரில் கண்டவர்கள் அவரை அடையாளம் காட்டினார்கள். குண்டு அவருடைய துப்பாக்கியிலிருந்துதான் வந்தது என்று நிபுணர் ஒருவர் சொன்னார். ஊர் முழுவதும் தண்டனையை எதிர்பார்த்திருந்தது. கம்மிங்ஸ் ஒன்றையும் அப்படியே ஏற்கவில்லை. மருத்துவர்கள் அந்த ஒப்புதல், களைத்துப் போன ஒருவன் ஓய்வு வேண்டிச் சொன்னது என்று கண்டார்கள். சாட்சிகள் நின்ற இடத்துக்கு இரவில் போய், அந்த வெளிச்சத்தில் முகம் தெரியுமா என்று சோதித்தார்கள், தெரியவில்லை. உணவகப் பணிப்பெண் ஒருவர் தாம் கண்ணாடி வழியே இஸ்ரேலைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். உள்ளே விளக்கு எரியும்போது அக்கண்ணாடி வழியே வெளியே போகிறவரை அடையாளம் காண இயலாது என்று தெரிந்தது. ஆறு நிபுணர்கள் அந்தக் குண்டு அத்துப்பாக்கியிலிருந்து வரவில்லை என்றார்கள். மே 27ஆம் நாள் கம்மிங்ஸ் நீதிமன்றத்தில் எழுந்து, தம் வசம் இருந்த சான்றுகளைத் தாமே ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டி வழக்கைக் கைவிட்டார். அக்கொலையைச் செய்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. கம்மிங்ஸ் பின்னாளில், 1933 முதல் 1939 வரை, நாட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தார் என்றாலும், என் மதிப்பில் அந்த மே மாத நாளே அவருடைய பணியின் உச்சம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை அவர் மறைக்காமல் கொடுக்கிறாரா என்பது. கொடுத்தே ஆக வேண்டும் என்று 1963இல் பிரேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்துவிட்டது. ஆயினும் கோப்பு டி.ஏ.வின் அலமாரியில்தான் இருக்கிறது; உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. டெக்சாசின் வில்லியம்சன் கவுன்டியில் 1986 ஆகஸ்டில் கிறிஸ்டீன் மார்ட்டன் என்ற பெண் தம் வீட்டில் கொல்லப்பட்டார். கணவர் மைக்கேல் மார்ட்டனுக்கு 1987இல் ஆயுள் தண்டனை. சம்பவத்தைப் பார்த்த மூன்று வயது மகன், அம்மாவை அடித்தது ஓர் அரக்கன் என்றும், அப்பா அப்போது வீட்டில் இல்லை என்றும் பாட்டியிடம் சொல்லியிருந்தான். பாட்டி அதைக் காவலரிடம் சொல்லி, அது எழுத்தில் பதிவாகியும் இருந்தது. வீட்டுக்கு அருகே பச்சை வேன் ஒன்று நின்றதாக அக்கம்பக்கத்தார் சொன்னதும் பதிவில் இருந்தது. இவை மார்ட்டனின் வழக்கறிஞர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. வீட்டருகே கிடைத்த இரத்தக் கறை படிந்த கைக்குட்டையை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தக் கேட்டபோது, பின்னர் வந்த டி.ஏ.வான ஜான் பிராட்லி ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார். 2011இல் சோதனை நடந்து வேறொருவரைக் காட்டியது. மார்ட்டன் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்தார். உண்மையான கொலையாளி, 1988இல் இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தான் என்பது பின்னர் நிரூபணமாயிற்று. தவறான ஆளைத் தண்டிப்பது, சரியான ஆளை வெளியே உலவ விடுவதும் ஆகும் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை. வழக்கை நடத்திய கென் ஆண்டர்சன் அதற்குள் நீதிபதியாகியிருந்தார். 2013இல் அவருக்குப் பத்து நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. வழக்கறிஞர் உரிமத்தையும் ஒப்படைத்தார். அதே ஆண்டு டெக்சாஸ், மார்ட்டனின் பெயரிலேயே, கோப்புகளைத் திறந்து காட்டும் சட்டத்தை இயற்றியது. பிராட்லியை 2012 பிரைமரியில் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாவது, ஜூரிக்கு அழைக்கப்படுவோரில் சிலரை விலக்கும் உரிமையைக் கொண்டு ஜூரியை அவர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்பது. மிசிசிப்பியின் வினோனா என்னும் சிற்றூரில் 1996இல் ஓர் அறைகலன் கடையில் நால்வர் கொல்லப்பட்டனர். டக் எவன்ஸ் என்ற டி.ஏ., கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை அவ்வழக்கில் ஆறு முறை விசாரணைக்கு உட்படுத்தினார். முதல் மூன்று தண்டனைகளையும் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த இரண்டில் ஜூரி உடன்படவில்லை. ஆறாவதில் கிடைத்த மரண தண்டனையை நாட்டின் உச்ச நீதிமன்றம் 2019 ஜூனில் ரத்து செய்தபோது, ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, விலக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை அரசுத் தரப்பு விலக்கியது என்பதைச் சுட்டிக்காட்டியது. 2020இல் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்கைக் கைவிட்டார். இதில் என்னை உறங்கவிடாத செய்தி வேறொன்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஐந்து மாதங்களில் நடந்த தேர்தலில் எவன்ஸ் போட்டியின்றி மீண்டும் தேர்வானார். வழக்கு நடத்தும்போது செய்த தவறுக்காக டி.ஏ. மீது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கவும் முடியாது. 1976 முதல் அவருக்கு அதில் முழுப் பாதுகாப்பு உண்டு. வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் மாநில பார் அமைப்பின் நடவடிக்கை அரிது. எஞ்சியிருப்பது வாக்குச்சீட்டு மட்டுமே, அதில் இன்னொரு பெயர் இல்லை.

எங்கே, எப்படித் தேடுவது

நீதிமன்றத்தில் போய் உட்காருவதிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அனுமதி கேட்க வேண்டியதில்லை, பெரும்பாலான இடங்களில் கைப்பேசியை அணைத்துவிட்டால் போதும். கவுன்டி நீதிமன்றக் கிளார்க் அலுவலகத்தில் கேட்டால் எந்தக் காலையில் முதல் ஆஜர்களும் பேரங்களும் வரிசையாக வரும் என்பதைச் சொல்வார்கள். அன்று இரண்டு மணி நேரம் இருங்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்கப்படுகிறது, வழக்கறிஞர் இல்லாமல் யாராவது ஒப்புக்கொள்கிறாரா, சிறு குற்றத்துக்கும் கட்ட முடியாத ஜாமீன் தொகையைக் கேட்கிறார்களா, மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறாரா, பாதிக்கப்பட்டு வந்து மூலையில் அமர்ந்திருப்பவரிடம் அரசுத் தரப்பினர் போய் ஒரு சொல்லாவது பேசுகிறார்களா என்பவற்றைக் கவனியுங்கள். டி.ஏ. அங்கே இல்லாமல் துணை வழக்கறிஞர் மட்டும் இருந்தால் அதுவும் ஒரு செய்தியே. அலுவலகத்தின் பழக்கம் அவருடைய பழக்கம்.

பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்புகள். மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் இணையதளத்தில் உங்கள் கவுன்டியின் பெயரை இட்டு, தண்டனை ரத்தான தீர்ப்புகளைத் தேடிப் படியுங்கள். சட்ட மொழி அச்சுறுத்தினாலும், தொடக்கத்தில் வரும் சம்பவச் சுருக்கத்தையும் ரத்துக்கான காரணத்தையும் எவரும் புரிந்துகொள்ளலாம். ஒரு தீர்ப்பு ரத்தாவது குற்றம் அன்று. நீதிபதியின் பிழையாலும், காவலரின் பிழையாலும் அது நேரலாம். சான்றை மறைத்தது, ஜூரியிடம் வரம்பு மீறிப் பேசியது, ஜூரர்களை நிறம் பார்த்து விலக்கியது போன்ற ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஃபிளவர்ஸ் வழக்கில் அந்தத் தடம் 2019க்கு வெகு முன்பே மாநிலத் தீர்ப்புகளில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது.

மாநில பார் அமைப்பின் இணையதளத்தில் வேட்பாளரின் பெயரை இட்டால், அவர் மீது வெளிப்படையான ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தேர்தல் நிதி அறிக்கையில் யார் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். காவலர் சங்கமோ, ஜாமீன் பத்திரம் எழுதும் நிறுவனங்களோ பெரும்பங்கு கொடுத்திருந்தால், அவர்கள் தொடர்பான வழக்கு வரும்போது என்ன செய்வார் என்ற கேள்வி எழுவது இயல்பு. கவுன்டி வரவுசெலவுக் கூட்டத்தின் குறிப்புகளையும் விடாதீர்கள். டி.ஏ. அங்கே தம் அலுவலகத்துக்கு என்ன கேட்டார் என்பது, தேர்தல் மேடையில் பேசும் எதையும் விட நம்பத் தகுந்தது. உள்ளூர் நாளிதழ் இன்னும் உயிரோடு இருந்தால் அதற்குச் சந்தா கட்டுங்கள், ஏனென்றால் நீதிமன்றத்தில் நாள்தோறும் உட்காரும் செய்தியாளர் இல்லாத ஊரில் இத்தகைய தகவல்கள் எங்கும் பதிவாவதில்லை.

மனிதர்களிடமும் கேளுங்கள். ஊரில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரையும், வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தங்குமிடம் நடத்தும் அமைப்பில் பணிபுரியும் ஒருவரையும் சந்தித்தால் இரு பக்கமும் தெரிந்துவிடும். "இவர் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாரா? கேட்ட கோப்பைக் கேட்டவுடன் தருவாரா?" என்பதே வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. அடித்த கணவன் மீது புகார் கொடுத்த பெண்ணிடம் அலுவலகத்திலிருந்து எத்தனை நாளில் அழைப்பு வருகிறது என்பதைத் தங்குமிடத்தில் கேளுங்கள்.

மேடையில் கேட்க வேண்டியவை

தேர்தலுக்கு முன் நூலகத்திலோ பள்ளி அரங்கிலோ வேட்பாளர்கள் இருவரும் வந்து பேசுவார்கள். கேள்வியை எழுதிக்கொண்டு போவது நல்லது. 'குற்றத்தின் மீது கடுமையாக இருப்பீர்களா' போன்ற கேள்விகளுக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அவற்றைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பதவியில் இருப்பவராயின், ஊர் எதிர்பார்த்தும் தாங்கள் தொடுக்க மறுத்த வழக்கு ஒன்றையும் அதன் காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு உடனே ஒரு வழக்கு நினைவுக்கு வராத டி.ஏ.விடம் நான் எச்சரிக்கையாகிவிடுவேன். எதிர்த்தரப்புக்குக் கோப்பை முழுமையாகக் கொடுப்பதற்கு அலுவலகத்தில் எழுத்துவடிவ விதி உண்டா, முடிந்துபோன தண்டனையில் புதிய சான்று வந்தால் அதைப் பார்ப்பவர் யார், அவர் அவ்வழக்கை முதலில் நடத்தியவராகவே இருப்பாரா என்று கேளுங்கள். காவலரே குற்றம் சாட்டப்பட்டால் அவ்வழக்கை அடுத்த கவுன்டிக்கோ மாநிலத்துக்கோ அனுப்புவாரா என்பதும் கேட்க வேண்டியதே. நாள்தோறும் அதே காவலர்களின் சாட்சியத்தில் வாழும் சிற்றூர் அலுவலகத்துக்கு இதுதான் மிகக் கடினமான சோதனை. நம்மைப் போன்ற குடும்பங்களுக்காக, பேரத்தின்போது குடிவரவு விளைவைக் கணக்கில் எடுப்பீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக நிற்பவராயின், ஜூரி முன் எத்தனை வழக்குகளைத் தாமே நடத்தியிருக்கிறார், யாரைத் துணை வழக்கறிஞராக அமர்த்துவார் என்பவற்றையும் கேட்கலாம்.

போட்டியே இல்லாத தேர்தலிலும் கேள்வி கேட்கலாம். அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி நேரம் கேட்டால், சிறு கவுன்டி டி.ஏ.க்களில் பலர் நேரம் ஒதுக்குவார்கள். தமிழ்ச் சங்கத்தின் கூட்டத்துக்கு அழைத்தால் வந்து பேசவும் செய்வார்கள். தம்மைக் கவனிக்கும் மக்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்த பின் ஒருவர் கோப்பைத் திறக்கும் விதமே மாறும் என்பது என் நம்பிக்கை.

வாக்குச்சாவடியில்

முடிவு செய்தவுடன் பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் வாக்களிக்கும் இடத்துக்கு 100 அடிக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது. கையில் எடுத்துச் செல்லும் எழுத்துக் குறிப்புக்குத் தடையில்லை. ஒரே குறியில் கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கும் பழைய வசதியை டெக்சாஸ் 2020 முதல் நீக்கிவிட்டதால், அங்கே ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியே குறியிட வேண்டும். இயந்திரமாயின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போங்கள். தாளாயின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நீதிபதிகளின் பெயர்களுக்கும் ஷெரிஃபின் பெயருக்கும் அருகில் அந்த வரி இருக்கும்.